லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி ஜேம்ஸ் வாட்டைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க



வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டுற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா? இல்ல, சேரலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சைக்கிளோட பின்சக்கரத்தைக் கழட்டிட்டு ஸ்மார்ட் ட்ரெய்னர்ல மாட்டுறோம். எதிர்ல ஒரு ஸ்க்ரீன் வைக்கிறோம். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு ஆப்பைத் திறக்கிறோம் (மாருதி காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க). நாம இங்க பெடல் மிதிக்க, அங்க நம்ம பொம்மை மலை ஏறும். ஸ்க்ரீனோட மூலையில ஒரு நம்பர் மட்டும் விடாம மாறிக்கிட்டே இருக்கும். 120, 148, 163. அதுதான் வாட்.

இந்த செட்டப் போட நினைக்கிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். எதுல ஓட்டுறது? இருக்கிற பழைய லேப்டாப் போதுமா, டேப்லெட் வாங்கலாமா, இல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட புது கம்ப்யூட்டரே வேணுமா? கடைக்குப் போனா கோர், கிகாஹெர்ட்ஸ், ஜிபின்னு நம்பரை அள்ளி வீசுவாங்க. அதுல எந்த நம்பர் நமக்கு, எந்த நம்பர் விளம்பரத்துக்குன்னு புரியாம முழிப்போம்.

இதே முழியை 1780-களில் இங்கிலாந்து மில் முதலாளிகளும் முழிச்சாங்க. அவங்க வாங்க நினைச்சது லேப்டாப் இல்ல, நீராவி இன்ஜின். அவங்களுக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு நம்பரைக் கையில கொடுத்த மனுஷனோட பேர்தான் இன்னிக்கு உங்க ஸ்க்ரீன் மூலையில ஓடுது. லேப்டாப் சார்ஜர் மேல 65 வாட்னு எழுதியிருக்கே, அதுவும் அவர் பேர்தான். தினமும் அம்பது தடவை உச்சரிக்கிற பேர். ஆனா ஆளைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? ஒரு டீ கெட்டில் கதை. அவ்வளவுதானே?

கெட்டில் கதையை ஓரமா வைங்க

சின்னப் பையன் வாட், கெட்டில் மூடி ஆவியில துள்ளுறதைப் பார்த்தான், நீராவி இன்ஜினைக் கண்டுபிடிச்சான்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வாட் பிறந்தது 1736. தாமஸ் நியூகோமன் தன்னோட நீராவி இன்ஜினை ஓடவிட்டது 1712. அதாவது வாட் பிறக்கிறதுக்கு 24 வருஷம் முன்னாடியே நீராவி இன்ஜின் சுரங்கத்துல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தது. வாட் செஞ்சது புதுசா ஒரு இன்ஜினைக் கண்டுபிடிச்சது இல்ல. ஓடிக்கிட்டு இருந்த இன்ஜின் எங்கே வீணாக்குதுன்னு கண்டுபிடிச்சது. இஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இரண்டாவது விஷயம்தான் ரொம்ப உபயோகம்.

ஸ்காட்லாந்தில் கிரீனாக்னு ஒரு துறைமுக ஊர். அப்பா கப்பல் கட்டும் தொழில், அதோட சேர்ந்த வியாபாரம்னு பல வேலை பார்த்தவர். அம்மா ஆக்னஸ் நல்லாப் படிச்சவங்க. வாட் சின்ன வயசுலேர்ந்தே நோஞ்சான். தலைவலி, பல்வலின்னு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். அதனால முதல்ல அம்மாகிட்டதான் வீட்டுலயே படிச்சார். அப்பாவோட பட்டறையில அவருக்குன்னு தனியா கொஞ்சம் டூல்ஸ் இருந்தது. கணக்கும் கைவேலையும் சேர்ந்து வளர்ந்தது அங்கேதான்.

அம்மா இறந்தபோது அவருக்கு 17 வயசு இருக்கும். அப்பாவோட தொழிலும் இறங்குமுகம். கருவிகள் செய்யக் கத்துக்கணும்னு 1755-ல் லண்டனுக்குப் போனார். பொதுவா அந்தத் தொழிலை ஏழு வருஷம் அப்ரென்டிஸா இருந்துதான் கத்துக்கணும். வாட்டுக்கு அவ்வளவு காலமும் இல்ல, காசும் இல்ல. ஜான் மார்கன்கிற கருவி செய்பவர்கிட்ட 20 கினி கட்டி ஒரே வருஷத்துல கத்துக்கிறதா ஒப்பந்தம். நம்ம பாஷையில சொன்னா, ஸ்டைபெண்ட் இல்லாத, நாமளே பணம் கட்டிப் போற இன்டர்ன்ஷிப். ராப்பகலா வேலை பார்த்தார். ஏற்கெனவே வீக்கான உடம்பு இன்னும் கெட்டது. ஆனா அந்த ஒரு வருஷத்துல வேலை கைக்கு வந்துடுச்சு.

திரும்பி வந்தவருக்கு 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஒரு ரூம் கொடுத்து, பல்கலைக்கழகத்தோட கருவி செய்பவரா ஆக்கியது. அவர் அங்க மாணவர் இல்ல, பேராசிரியரும் இல்ல. நம்ம காலேஜ்ல லேப் டெக்னீஷியன் அண்ணா இருப்பாரே, கிட்டத்தட்ட அந்த இடம். ஆனா ஜோசப் பிளாக், ஜான் ராபிசன் மாதிரி ஆளுங்க அவர் பட்டறைக்கு வந்து மணிக்கணக்கா பேசிக்கிட்டு இருப்பாங்க. டிகிரி இருக்கிறவங்க டிகிரி இல்லாதவரைத் தேடி வந்த இடம் அது.

ரிப்பேருக்கு வந்த மாடல்

1763-ல் பல்கலைக்கழகத்தோட நியூகோமன் இன்ஜின் மாடல் ஒண்ணு ரிப்பேருக்கு வந்தது. கிளாஸ்ல காட்டுறதுக்கு வெச்சிருந்த சின்ன மாடல். சரிபண்ணி ஓடவிட்டா நாலு அடி அடிக்கும், அப்புறம் நின்னுடும். பாய்லர் போதுமான சைஸ்ல இருக்கு, நெருப்பும் இருக்கு. ஆனா ஆவி பத்தல. வேற யாராவது இருந்தா, மாடல் அப்படித்தான் இருக்கும்னு சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. வாட் விடல.

நியூகோமன் இன்ஜின் எப்படி ஓடுதுன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். சிலிண்டருக்குள்ள ஆவி நிரம்பும். அப்புறம் உள்ளேயே பச்சத் தண்ணியைப் பீய்ச்சி அடிப்பாங்க. ஆவி குளிர்ந்து தண்ணியாயிடும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காத்தோட அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இதுல சிக்கல் என்னன்னா, பச்சத் தண்ணி அடிச்சதால சிலிண்டரும் சேர்ந்து சில்லுனு ஆயிடும். அடுத்த தடவை வர்ற ஆவியில பெரும்பகுதி அந்தச் சிலிண்டரை மறுபடி சூடாக்கறதுக்கே செலவாகும். வாட் அளந்து பார்த்தார். ஆவியோட வெப்பத்துல ஏறக்குறைய முக்கால்வாசி அப்படியே போச்சு. எரிக்கிற நாலு கூடை நிலக்கரியில மூணு கூடை வேலைக்கே வரல.

அளக்கும்போது இன்னொரு விசித்திரமும் கண்ணுல பட்டது. கொஞ்சூண்டு தண்ணியை ஆவியாக்கி, அந்த ஆவியைப் பச்சத் தண்ணிக்குள்ள விட்டா, அது தன்னைப்போல ஆறு மடங்கு எடையுள்ள தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போகுது. ஏன்னு பிளாக்கிட்ட கேட்டார். உள்ளுறை வெப்பத்தை ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தவரே அந்த பிளாக்தான். தெர்மோ பேப்பர்ல நாம ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணுற அந்த விஷயம், ஒரு லேப் டெக்னீஷியனோட ரிப்பேர் வேலைக்குப் பதிலா வந்து நின்னுச்சு.

நோய் தெரிஞ்சாச்சு. மருந்துக்கு இரண்டு வருஷம் ஆச்சு. 1765 மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கிளாஸ்கோ க்ரீன்கிற மைதானத்துல நடந்து போய்க்கிட்டு இருந்தப்போதான் பொறி தட்டினதா பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கார். சிலிண்டருக்குள்ள ஏன் ஆவியைக் குளிரவைக்கணும்? பக்கத்துல தனியா ஒரு பாத்திரம் வெச்சு, ஆவியை அங்க இழுத்துக் குளிர வைக்கலாமே! சிலிண்டர் எப்பவும் சூடாவே இருக்கட்டும், கண்டென்சர் எப்பவும் குளிர்ந்தே இருக்கட்டும். இவ்வளவுதான் ஐடியா. சோதனைக்கு ஒரு பெரிய பித்தளை சிரிஞ்சையே சிலிண்டரா வெச்சுப் பார்த்தார். வேலை செஞ்சது.

பதினோரு வருஷம்

சினிமாவா இருந்தா இங்க இன்டர்வெல் விட்டு, அடுத்த சீன்ல அவர் பணக்காரர் ஆகியிருப்பார். நிஜத்துல அந்த ஐடியா காசு கொடுத்து வாங்கக்கூடிய இன்ஜினா மாற 1776 வரைக்கும் ஆச்சு. பதினோரு வருஷம். ப்ராஜெக்ட் ரிவ்யூவில ப்ரோட்டோடைப் ஓடினதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிற நாம இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமா படிக்கணும்.

முதல் தடை பணம். ஏறின கடனை ஜான் ரோபக்கிற தொழிலதிபர் ஏத்துக்கிட்டார். பதிலுக்கு பேடன்ட்ல மூணுல இரண்டு பங்கு அவருக்கு. 1769-ல் பேடன்ட் கிடைச்சது. இரண்டாவது தடை செய்முறை. பெரிய சைஸ்ல சிலிண்டர் செஞ்சா உருண்டையாவே வரல. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல ஆவி ஒழுகும். துணி, கார்க்னு என்னென்னவோ அடைச்சுப் பார்த்தார். ஓட்டைப் பானையில தண்ணி பிடிக்கிற கதைதான். சிரிஞ்ச்ல ஜெயிச்ச ஐடியா, 18 அங்குல சிலிண்டர்ல தோத்துக்கிட்டு இருந்தது.

குடும்பம்னு ஒண்ணு இருக்கே. 1764-ல் மார்கரெட்டைக் கல்யாணம் பண்ணியிருந்தார், குழந்தைகளும் இருந்தாங்க. சோறு வேணுமே! அதனால கால்வாய் வெட்ட சர்வே எடுக்கிற வேலைக்குப் போனார். மழையிலும் குளிர்லயும் மலையிலும் சேத்துலயும் நடக்கிற வேலை. இன்ஜின் ஓரமா கிடந்தது. 1773-ல் ஸ்காட்லாந்தின் வட மலைப்பகுதியில அப்படி ஒரு சர்வேயில இருந்தப்போ, மனைவிக்கு உடம்பு ரொம்ப மோசம்னு செய்தி வந்தது. கிளம்பி வர்றதுக்குள்ள பிரசவத்துல அவங்க இறந்துட்டாங்க. அதே வருஷம் ரோபக்கும் திவால்.

கடன், இரண்டு சின்னப் பிள்ளைங்க, ஒழுகுற சிலிண்டர். 37 வயசு வாட்டோட சொத்துக் கணக்கு அன்னிக்கு இதுதான்.

அப்போ உள்ளே வந்தவர் மேத்யூ போல்டன். பர்மிங்காம் பக்கத்துல சோஹோங்கிற இடத்துல பட்டன், பக்கிள் மாதிரி உலோகச் சாமான் செய்யுற பெரிய தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். ரோபக் அவருக்கு 1,200 பவுண்டு தரவேண்டியிருந்தது. அந்தக் கடனுக்குப் பதிலா போல்டன் வாங்கிக்கிட்டது, ஓடாத ஒரு இன்ஜினோட பேடன்ட் பங்கை. மத்த கடன்காரங்க யாரும் அதைச் சீண்டக்கூட இல்ல. 1774-ல் வாட் பர்மிங்காமுக்குக் குடிபோனார். 1775-ல் பார்லிமென்ட் அந்த பேடன்ட்டை 1800 வரைக்கும் நீட்டிச்சது.

சிலிண்டர் பிரச்சினைக்குத் தீர்வு யாருமே எதிர்பார்க்காத இடத்துலேர்ந்து வந்தது. ஜான் வில்கின்சன்னு ஒரு இரும்பு ஆலை முதலாளி, பீரங்கிக் குழாயைத் துல்லியமா குடைய 1774-ல் ஒரு முறை கண்டுபிடிச்சார். அதே வழியில சிலிண்டர் குடைஞ்சு கொடுத்தார். 50 அங்குல அகல சிலிண்டர்ல விலகல் ஒரு நாணயத்தோட தடிமன் அளவுகூட இல்ல. 1776-ல் முதல் இரண்டு இன்ஜின்கள் வேலைக்கு இறங்கின. ஒண்ணு டிப்டன்ல நிலக்கரிச் சுரங்கத்துல தண்ணி இறைக்க, இன்னொண்ணு வில்கின்சனோட சொந்த உலைக்குக் காத்து ஊத. வாட்டோட மூளை, போல்டனோட பணம், வில்கின்சனோட துரப்பணம் மூணும் ஒரே இடத்துல சேர்ந்த பிறகுதான் இன்ஜின் ஓடிச்சு. டீம் ப்ராஜெக்ட்ல வேலை எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொல்ற நண்பருக்கு இதை ஃபார்வர்ட் பண்ணலாம்.

இன்ஜின் இலவசம், மிச்சத்துல பங்கு

இப்போ விற்கணும். கார்ன்வால் பகுதியில தாமிர, தகரச் சுரங்கங்கள் நிறைய. ஆனா அங்க நிலக்கரி கிடையாது, வேல்ஸ்லேர்ந்து கப்பல்ல வரணும். எரிபொருள் செலவுலயே சுரங்க முதலாளிங்க நொந்து போயிருந்தாங்க. போல்டனும் வாட்டும் அவங்ககிட்ட வெச்ச ஒப்பந்தம் இதுதான். இன்ஜினை நிறுவுற செலவு உங்களோடது. எங்களுக்கு விலை வேணாம். பழைய நியூகோமன் இன்ஜினோட ஒப்பிட்டா எவ்வளவு நிலக்கரி மிச்சமாகுதோ, அதோட மதிப்புல மூணுல ஒரு பங்கு கொடுத்தா போதும்.

யோசிச்சுப் பாருங்க. இந்த வியாபாரம் நடக்கணும்னா, எவ்வளவு மிச்சம்னு இரண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி அளந்தாகணும். அதுக்காக இன்ஜினோட உத்திரத்துல, எத்தனை தடவை அது ஏறி இறங்குதுன்னு எண்ணுற கருவியைப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள வெச்சாங்க. முதலாளியும் திறக்க முடியாது, ஆபரேட்டரும் திறக்க முடியாது. உங்க ட்ரெய்னர் ஒவ்வொரு சுத்தையும் எண்ணி ஆப்புக்கு அனுப்புதே, அதோட கொள்ளுத் தாத்தா இந்தப் பெட்டின்னு வெச்சுக்கலாம்.

ஆனா பேரம் பேசுறதும் காசு வசூலிக்கிறதும் வாட்டுக்கு எட்டிக்காய். ஒரு பாக்கியைக் கேட்கப் போகணும்னாலே தலைவலி வந்துடும். மாசக்கணக்கா மனசு சோர்ந்து கிடந்திருக்கார். அந்தப் பக்கத்தையெல்லாம் போல்டன் தாங்கிக்கிட்டார்.

ஒரு குதிரை எவ்வளவு இழுக்கும்?

1781-க்கு அப்புறம் வாட்டோட இன்ஜின் தண்ணி இறைக்கிறதோட நிக்காம சக்கரத்தையும் சுத்த ஆரம்பிச்சது. சாதாரண கிராங்கை வெச்சு ஏற்கெனவே ஒருத்தர் பேடன்ட் வாங்கிட்டதால, சூரியனைச் சுத்துற கிரகம் மாதிரி ஒரு பல்சக்கர அமைப்பை வெச்சுச் சமாளிச்சாங்க. சக்கரம் சுத்தினா மாவு மில், மரமில், சாராய ஆலை, பஞ்சாலைன்னு எல்லாருமே கஸ்டமர்தான். ஆனா இவங்ககிட்ட பழைய நீராவி இன்ஜின் எதுவும் இல்ல, ஒப்பிட்டு மிச்சம் சொல்ல. இவங்ககிட்ட இருந்தது குதிரை. இவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான். என்கிட்ட 12 குதிரை இருக்கு, அதுக்குப் பதிலா எந்த இன்ஜின் வாங்கணும்?

சிலிண்டர் விட்டம், அழுத்தம், ஸ்ட்ரோக் நீளம்னு ஒரு பட்டியலை நீட்டியிருக்கலாம். இன்னிக்குக் கடையில அதைத்தானே செய்யறாங்க? வாட் குதிரையை அளந்தார். குதிரையோட வேலையை இன்ஜினோட ஒப்பிடலாம்னு தாமஸ் சேவரி பல வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தார், ஆனா நிலையான ஒரு நம்பர் இல்ல. மில்லுல கட்டின குதிரை 24 அடி விட்டமுள்ள வட்டத்துல ஒரு மணி நேரத்துக்கு 144 சுத்து சுத்துது, 180 பவுண்டு விசையில இழுக்குதுன்னு வாட் எடுத்துக்கிட்டார். பெருக்கிப் பாருங்க. நிமிஷத்துக்கு 32,572 அடி-பவுண்டு வரும். அதை 1783-ல் 33,000-ன்னு முழுசாக்கினார். இதுதான் ஒரு குதிரைத்திறன். நம்ம அலகுல 746 வாட்.

இந்த நம்பர்ல ஒரு நாணயம் இருக்கு. ஒரு சாதாரண குதிரை நாள் முழுக்க அவ்வளவு வேலை செய்யாது. ஜான் ஸ்மீட்டன்கிற இன்னொரு பெரிய இஞ்சினியரோட கணக்கு 22,916 தான். வாட் நினைச்சிருந்தா சின்னக் குதிரையை எடுத்துக்கிட்டு, தன் 10 குதிரைத்திறன் இன்ஜினை 14-ன்னு சொல்லி வித்திருக்கலாம். அவர் பெரிய குதிரையை எடுத்துக்கிட்டார். 12 குதிரைக்குன்னு வாங்கின இன்ஜின், மில்லுல நின்ன நிஜமான 12 குதிரையைவிட அதிகமாவே இழுத்தது. வாடகையும் அதே அலகுலதான். ஒரு குதிரைத்திறனுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு, லண்டன்ல மட்டும் 6.

இப்போ உங்க சைக்கிளுக்கு வருவோம். சாதாரண ஆரோக்கியத்தோட இருக்கிற நம்மை மாதிரி ஒருத்தர் 150 வாட்டை நிலையா மிதிச்சாலே வியர்த்துக் கொட்டிடும். அப்படிப்பட்ட அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் வாட்டோட ஒரு குதிரை. பொம்மையோட வேகம் அந்த வாட், உங்க எடை, சாலையோட ஏற்றம் இதையெல்லாம் வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் வருது. வாட்டை அளக்கிறது ட்ரெய்னர். கம்ப்யூட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததா இருந்தாலும் உங்க 150-ஐ 151 ஆக்காது.

கவர்னர், கிராஃப், அப்புறம் ஒரு வழக்கு

1784-ல் பிஸ்டனை நேர்கோட்டுல ஓட வைக்கிற இணை இயக்க அமைப்பு. தன்னோட கண்டுபிடிப்புகளிலேயே வாட்டுக்கு ரொம்பப் பெருமை அதுலதான். 1788-ல் கவர்னர். வேகம் கூடினா இரண்டு குண்டு விரிஞ்சு ஆவியைக் குறைக்கும், வேகம் குறைஞ்சா சுருங்கி ஆவியைக் கூட்டும். இது காத்தாலைகளில் ஏற்கெனவே இருந்த யோசனை. வாட் அதை இன்ஜினுக்குக் கொண்டு வந்தார், பேடன்ட் கேட்கல. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஃபீட்பேக்னு உடனே புரியும். ஸ்மார்ட் ட்ரெய்னர்ல எர்க் மோடு போட்டா, நீங்க மெதுவா மிதிச்சாலும் வேகமா மிதிச்சாலும் எதிர்ப்பை மாத்தி வாட்டை ஒரே அளவுல வைக்குதே, அதுவும் ஃபீட்பேக்தான்.

1796-ல் அவரோட உதவியாளர் ஜான் சதர்ன், சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தத்தைப் பென்சில் தானே காகிதத்துல வரையற மாதிரி ஒரு அமைப்பைச் சேர்த்தார். பிஸ்டனோட சேர்ந்து நகர்ற ஒரு பலகை, அதுமேல காகிதம். அந்தக் காலத்து டேப்லெட்! இன்ஜின் உள்ளே என்ன நடக்குதுன்னு காட்டுற அந்த கிராஃபைக் கம்பெனி பல வருஷம் ரகசியமா வெச்சிருந்தது.

ரகசியம்னு சொன்னதும் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வாட் தன் பேடன்ட்டை விடாப்பிடியா காத்தவர். தனி கண்டென்சரைத் தொட்ட யாரையும் சும்மா விடல. ஜொனதன் ஹார்ன்புளோவர் இரண்டு சிலிண்டர் வெச்சுச் செஞ்ச இன்ஜின் நல்ல யோசனை, ஆனா அது வழக்குல மாட்டி முடங்கிச்சு. அதிக அழுத்த ஆவி ஆபத்துன்னு வாட் உறுதியா நம்பினார். அன்னிக்கு இருந்த பாய்லர்களைப் பார்த்தா பயம் நியாயம்தான். ஆனா அவரோட சொந்த ஆள் வில்லியம் முர்டாக் 1784-ல் நீராவி வண்டி மாடல் ஓட்டினப்போ, அதை வளர்க்க விடல. 1800-ல் பேடன்ட் முடிஞ்ச பிறகுதான் ட்ரெவிதிக் மாதிரி ஆளுங்க அதிக அழுத்தத்துல முழு வேகத்துல இறங்கினாங்க. தன் ஐடியாவுக்காகப் பதினோரு வருஷம் தவிச்ச மனுஷன், அடுத்தவங்க ஐடியாவுக்குக் குறுக்கே நின்னதையும் சேர்த்துத்தான் அவரைப் புரிஞ்சுக்கணும்.

மாடியில ஒரு பட்டறை

1800-ல் ஓய்வு. பணத்துக்குக் குறை இல்ல. ஆனா வீட்டுல சாவு விடல. இரண்டாவது மனைவி ஆனுக்குப் பிறந்த மகள் ஜேனட் 1794-லேயே காசநோயில போயிட்டா. அந்தத் துக்கத்துல வாட் செஞ்சது என்ன தெரியுமா? மூச்சு வழியா வாயுக்களைக் கொடுத்து நோயைக் குணப்படுத்தலாம்னு தாமஸ் பெடோஸ்கிற மருத்துவர் முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தார். அவருக்கு வாயு தயாரிக்கிற கருவிகளைச் செஞ்சு கொடுத்தார். அந்த வைத்தியம் காசநோயைத் தீர்க்கல. மகன் கிரிகரியும் 1804-ல், 27 வயசுல போயிட்டான்.

ஹீத்ஃபீல்டுங்கிற அந்த வீட்டோட மாடியில ஒரு சின்னப் பட்டறை. அங்க அவர் கடைசி வரைக்கும் சிலைகளைப் பிரதி எடுக்கிற இரண்டு இயந்திரங்களைச் செஞ்சுக்கிட்டு இருந்தார். ஒரு முள் சிலையைத் தடவிக்கிட்டே போகும், இன்னொரு பக்கம் வெட்டுளி அதே உருவத்தைச் செதுக்கும். யாரும் ஆர்டர் கொடுக்கல, டெட்லைனும் கிடையாது. 1819 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயசுல இறந்தார். பட்டறை பூட்டியே கிடந்தது. 1924-ல் அதை அப்படியே பெயர்த்து லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொண்டு போனாங்க. 8,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அதுல இருக்கு.

இறந்து 63 வருஷம் கழிச்சு, 1882-ல், வில்லியம் சீமென்ஸ்கிற இஞ்சினியர் திறனோட அலகுக்கு வாட்டோட பேரை வைக்கலாம்னு முன்மொழிஞ்சார். விநாடிக்கு ஒரு ஜூல். வாட்டோட குதிரைத்திறனை மெல்ல மெல்ல ஓரங்கட்டினது வாட் பேரையே தாங்கின அலகுதான்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவு படிச்சாச்சு. வாட் செஞ்ச மாதிரியே கணக்குப் போட்டு உங்க சைக்கிளுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேர்ந்தெடுப்போம்.

முதல்ல வேலை என்னன்னு பாருங்க. ட்ரெய்னர் அனுப்புற நம்பரை வாங்குறது, வேகத்தைக் கணக்குப் போடுறது, இன்டர்நெட்ல மத்தவங்களோட இணைக்கிறது. இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தூசு. கஷ்டமான வேலை ஒண்ணுதான், அந்த உலகத்தை விடாம வரையறது. ஆக நீங்க பார்க்க வேண்டியது கிராபிக்ஸ். ஓரளவு புது லேப்டாப்புல உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் சுமாரான படத்துக்குப் போதும். பெரிய டிவியில நிழலும் இலையும் துல்லியமா வேணும்னா மட்டும் தனி கார்டு.

அடுத்து, வெப்பம் எங்கே போகுது? வாட் கேட்ட அதே கேள்வி. ஒரே பேர்ல வர்ற லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு மாடல்ல 50 வாட் கொடுப்பாங்க, இன்னொண்ணுல 100-க்கு மேல கொடுப்பாங்க. ஸ்டிக்கர் ஒண்ணு, வேகம் வேற. அதனால பேரோட வாட்டையும் கேளுங்க. டேப்லெட்டுல பொதுவா ஃபேன் கிடையாது. ஒரு மணி நேரம் ஓடினா சூடேறி வேகத்தைக் குறைச்சுக்கும், சில சமயம் வெளிச்சத்தையும். உங்களுக்கு வெச்ச ஃபேன் காத்து அதுமேலயும் படட்டும். வியர்வை மட்டும் படாம பார்த்துக்கோங்க.

மூணாவது, இணைப்பு. ட்ரெய்னர் ப்ளூடூத்ல பேசுதா, ஆன்ட் ப்ளஸ்லயா? டேப்லெட்டுக்கு ப்ளூடூத் போதும். கம்ப்யூட்டர்ல ஆன்ட் ப்ளஸ் வேணும்னா யூஎஸ்பி டாங்கிள் தனியா வாங்கணும். பல ட்ரெய்னர்கள் ப்ளூடூத்ல ஒரு சமயத்துல ஒரு கருவியோடதான் பேசும். போன்ல கனெக்ட் ஆகியிருந்தா லேப்டாப்புக்குத் தெரியாது. மெஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி போன் ஆப்பை மூடிப் பாருங்க.

கடைசியா, வாங்குறதுக்கு முன்னாடி கையில இருக்கிறதை ஓட்டிப் பாருங்க. உங்க பழைய லேப்டாப்புலயோ வீட்டு டேப்லெட்டுலயோ ஆப்பைப் போட்டு அரை மணி நேரம் மிதிங்க. படம் திக்குதா, சூடாகுதா, கனெக்‌ஷன் அறுந்து போகுதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. அந்த மில் முதலாளிக்குத் தன்கிட்ட 12 குதிரை இருக்குன்னு தெரிஞ்சிருந்தது, அதனாலதான் வாட்டால அவருக்குப் பதில் சொல்ல முடிஞ்சது. அந்தப் பேப்பரோட கடைக்குப் போங்க. எதுவுமே திக்கலைன்னா கடைக்கே போக வேணாம், அந்தக் காசுல நல்லதா ஒரு டேபிள் ஃபேன் வாங்கிப் போடுங்க.